தெஹிவளையில் வாடகை வீடு: ஒரு மாதக் கொமிஷனுக்கு என்ன கிடைத்தது

கொழும்புக்கு மாறி வரப்போகும் ஊர்ச்சனம் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "புரோக்கருக்கு ஒரு மாத வாடகையைத் தூக்கிக் கொடுக்கத்தான் வேணுமா?" நான் கொடுத்தேன். 48,000 ரூபா, ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த அன்றே, காசாக. அந்தக் காசுக்கு எங்களுக்கு என்ன கிடைத்தது என்று விபரமாக எழுதுகிறேன். எங்கள் புரோக்கரைப் பற்றி நல்லதாகத்தான் எழுதப்போகிறேன். அவரிடம் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு, அவற்றையும் மறைக்கமாட்டேன்.

அறுபதைத் தாண்டியவர். தெஹிவளையிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம். எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அலுவலகம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. ஒரு பழைய மோட்டார் சைக்கிள், சட்டைப் பையில் ஒரு குறிப்புப் புத்தகம், ஒரு போன். பம்பலப்பிட்டி எல்லையிலிருந்து கல்கிசை வரைதான் அவருடைய இடம். அதற்கு அப்பால் எவ்வளவு கேட்டாலும் வரமாட்டார். என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவர்தான் அவருடைய இலக்கத்தைத் தந்தார்.

எங்கள் நிலையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும். நாங்கள் மட்டக்களப்பு. எனக்குக் கொள்ளுப்பிட்டியில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. சாப்பிடாமல் வந்து இரத்தம் கொடுப்பவர்களுக்காகக் காலை ஆறரைக்கே திறக்கிற இடம். அப்பா இல்லை, அம்மாவை ஊரில் தனியே விட மனமில்லை. தம்பி ஏ.எல். முடித்துவிட்டுக் கணக்கியல் படிக்க வேண்டும். ஆக மூன்று பேர், இரண்டு அறை. அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, படி ஏற ஏலாது. சம்பளத்தில் வாடகைக்கு ஒதுக்கக்கூடியது 50,000 ரூபா. தனியாக வந்து போர்டிங்கில் ஒரு அறை எடுக்கும் பிள்ளைகளுக்கு நான் எழுதுவதில் பாதிதான் பொருந்தும்.

நானாவிடம் போவதற்கு முன் எல்லோரையும் போல இணையத்தில்தான் தேடினோம். அங்கே வீடு மலிவாகத்தான் இருக்கிறது. "வெள்ளவத்தை, 2 அறை, 45,000" என்று அழகான படத்தோடு போட்டிருப்பார்கள். போன் எடுத்தால், "அது நேற்றுப் போயிட்டு தங்கச்சி, வேற ஒன்று இருக்கு, 80தான், வாங்க காட்டுறன்" என்பார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தாலும் அதே படம், அதே 45,000 அங்கேயே இருக்கும். நம்மைப் போன் எடுக்க வைப்பதற்காகவே போட்ட விலை அது. சிலர் வீட்டைக் காட்டவே பதிவுக் கட்டணம் கேட்டார்கள். ஒருவர், தான் வெளிநாட்டில் இருப்பதாகவும் முதல் மாத வாடகையை வங்கியில் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகவும் சொன்னார். கதவைத் திறந்து, பைப்பைத் திறந்து, சுவரைத் தொட்டுப் பார்க்காத வீட்டுக்கு ஒரு சதமும் போடாதீர்கள். ஊரிலிருந்து அவசரமாக வருகிறவர்கள் என்று தெரிந்துதான் இப்படிக் கேட்கிறார்கள். வயதான தாயையும் பெட்டி படுக்கையையும் கட்டிக்கொண்டு இரவு முழுக்கப் பயணம் செய்து வருகிற குடும்பத்தை இப்படி ஏமாற்ற எப்படி மனம் வருகிறதோ தெரியவில்லை.

இணையத்தால் ஒரு பயன் உண்டு. எந்தப் பகுதியில் என்ன விலை போகிறது என்று ஓரளவு பிடிபடும். அதற்கு மேல் அதை நம்பத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பத்திரிகைகளின் சிறு விளம்பரங்களையும் பார்த்தோம். வயதான வீட்டுக்காரர்கள் இன்னும் அங்கேதான் போடுகிறார்கள், அதனால் நேரடியாக அவர்களோடு பேசலாம், கொமிஷன் இல்லை. ஆனால் நல்ல வீடு என்று போன் எடுத்தால் பலமுறை முதல் கேள்வியே "நீங்கள் சைவமா, மச்சம் சமைப்பீர்களா?" என்பதாக இருந்தது. அது அவர்கள் வீடு, அவர்கள் விருப்பம். அம்மாவுக்கு மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. அதனால் அந்த வழியும் நடக்கவில்லை.

வெள்ளவத்தையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். காரணம் இல்லாமல் இல்லை. கடைக்குப் போனால் தமிழில் பேசலாம், ஊர் மரக்கறி கிடைக்கும், மயூரபதி அம்மன் கோயில் இருக்கிறது, 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச்சங்க நூலகம் இருக்கிறது. 1942இல் தொடங்கிய சங்கம் அது. நூலகத்தில் அமைதியாக இருந்து படிக்கலாம் என்று தம்பி ஒற்றைக் காலில் நின்றான். காலி வீதியில் இறங்கினால் 100, 101 பஸ்கள் வந்தபடியே இருக்கும், ரயில் நிலையமும் நடை தூரம்.

ஆனால் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் பழைய வீடுகள் இடிந்து தொடர்மாடிகள் எழும்பிவிட்டன. லிஃப்ட் உள்ள இரண்டறை வீடு என்றால் நாங்கள் பார்த்த காலத்தில் 85,000க்குக் குறைய ஒருவரும் பேசவில்லை. அதற்கு மேல் பராமரிப்புக் கட்டணம் வேறு: லிஃப்ட், ஜெனரேட்டர், காவலாளி எல்லாம் அதில் வரும். வாடகைக்குள் அது அடங்கும் என்று நினைத்துவிடாதீர்கள், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் லண்டனிலோ கனடாவிலோ இருப்பார், சாவி இங்கே சொந்தக்காரர் கையில் இருக்கும். ஒருவர் வருட வாடகையை முழுவதும் முன்கூட்டியே கேட்டார். 10 இலட்சத்துக்கு மேல் வரும். இன்னொருவர், ஆகஸ்ட் விடுமுறைக்குத் தாங்கள் வரும்போது ஒரு அறையை ஒதுக்கித் தர வேண்டும் என்றார். வாடகையும் வாங்கிக்கொண்டு அறையையும் கேட்பது எந்த ஊர் நியாயம்?

கொட்டாஞ்சேனையில் வாடகை கைக்கு அடக்கம். கோயிலும் தேவாலயமும் தமிழ்ச் சூழலும் அங்கும் உண்டு. எனக்குக் காலை ஆறரைக்குக் கொள்ளுப்பிட்டியில் நிற்க வேண்டியிருப்பதால் அம்மா வேண்டாம் என்றார். புறக்கோட்டையில் வேலை என்றால் நான் அங்கேதான் தேடியிருப்பேன். வத்தளை, ஹேந்தலைப் பக்கம் இன்னும் மலிவு. அங்கே களனி ஆற்றைத் தாண்டி வரும் காலைநேர நெரிசலையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

சரி, நானாவுக்கு வருவோம்.

முதல் நாள் அவர் ஒரு வீட்டையும் காட்டவில்லை. தேநீர்க் கடையில் இருத்திக் கேள்விதான் கேட்டார். எத்தனை மணிக்கு வேலை? இரவு வேலை உண்டா? அம்மா பகலில் தனியாகவா இருப்பார்? கோயிலுக்கு நடந்து போக வேண்டுமா? துணி தோய்க்கும் மெஷின் இருக்கிறதா? கட்டில் எத்தனை, அலுமாரி எவ்வளவு அகலம்? கையில் முற்பணத்துக்கு எவ்வளவு இருக்கிறது? கடைசிக் கேள்விக்கு நான் தயங்கியபோது, "சொல்லுங்க தங்கச்சி, அதைத் தெரியாம நான் வீடு காட்டினா உங்களுக்கும் அலைச்சல், எனக்கும் பெற்றோல் செலவு" என்றார். எல்லாவற்றையும் அந்தச் சின்னப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

பிறகு நான் இணையத்தில் பார்த்து வைத்திருந்த வீடுகளை அவரிடம் ஒவ்வொன்றாகக் காட்டினேன். எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது அங்கேதான். மெரின் டிரைவ் பக்கம் ஒரு வீடு, வாடகையும் பரவாயில்லை. "கடல் உப்பு. ஜன்னல் கம்பி எல்லாம் கறல் பிடிச்சிருக்கும். ஃபிரிட்ஜ், மெஷின் ரெண்டையும் ரெண்டு வருஷத்துல தூக்கி வீச வேணும்" என்றார். இன்னொன்று கால்வாய் ஓரம். "மழைக்கு முன்னால இல்ல, மழை பெய்ற அன்றைக்குப் போய்ப் பாருங்க" என்றார். போய்ப் பார்த்தோம். வெளிச் சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை, மேலே புதிதாகப் பெயின்ட் அடித்தும் தெரிந்தது. மூன்றாவது வீட்டுக்கு, "அந்த வீட்டுக்காரர் முற்பணத்தைத் திருப்பித் தரமாட்டார். மூன்று குடும்பத்தைக் கொண்டு வைத்தேன், மூன்று பேரும் என்னைத்தான் ஏசினாங்க. இனி அங்க யாரையும் கூட்டிப் போறதில்ல" என்றார். அந்த வீட்டை எடுத்திருந்தாலும் அவருக்குக் கொமிஷன் கிடைத்திருக்கும். மற்றப் புரோக்கர்களோடு அலைந்தபோது, "ஓ, அது நல்ல வீடு" என்பதைத் தவிர வேறு பேச்சு நான் கேட்டதில்லை. வாடகை வீடு தேடுபவருக்கு ஒரு புரோக்கர் செய்யக்கூடிய பெரிய உதவி, எடுக்கக்கூடாத வீட்டைச் சொல்லித் தடுப்பதுதான். 48,000 ரூபாவில் பெரும்பகுதியை நான் இதற்காகத்தான் கொடுத்தேன் என்று நினைக்கிறேன்.

களுபோவிலைப் பக்கம் ஒரு அனெக்ஸ், அதாவது வீட்டுக்காரர் இருக்கும் வீட்டோடு சேர்ந்த தனிப்பகுதி, 42,000. கீழ் மாடி, இரண்டு அறை, குசினி பெரியது. போதனா வைத்தியசாலையும் பக்கம், அம்மாவின் கிளினிக்குக்கு வசதி. அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது, எந்த மூலையில் சாமிப்படம் வைப்பது என்றுகூடப் பேசத் தொடங்கிவிட்டார். நானா ஒன்றும் சொல்லாமல் பின்பக்கம் போனார். சப் மீட்டர், அதாவது வீட்டுக்காரரின் இணைப்பிலிருந்து அனெக்ஸ் எரிக்கும் அலகை மட்டும் அளக்கும் மீட்டர், எங்கே என்று கேட்டார். தம்பியைக் கூப்பிட்டு, வீட்டில் உள்ள எல்லா சுவிட்சையும் நிறுத்தச் சொன்னார். மின்விசிறி, பல்ப், குளியலறை ஹீற்றர், எல்லாம். காலி வீடு, வேறு ஒரு சாமானும் இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு மீட்டரைப் பார்க்கச் சொன்னார்.

பழைய மீட்டர். கண்ணாடிக்குள் அந்த அலுமினியத் தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. ஓரத்தில் உள்ள கறுப்பு அடையாளம் வரும், போகும், திரும்பவும் வரும். நாங்கள் மூவரும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் மேலே தண்ணீர்த் தாங்கி நிரம்பி மோட்டர் சத்தம் நின்றது. தட்டும் நின்றது. மேல் வீட்டுத் தண்ணீர் மோட்டரை அனெக்ஸ் லைனில் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் நானா சிங்களத்தில் மரியாதையாகத்தான் கேட்டார். எப்போதோ எலக்ட்ரீஷியன் அப்படிச் செய்துவிட்டுப் போனார், சின்னக் காசுதானே என்று பதில் வந்தது. மாற்றித் தருவீர்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. நாங்கள் வந்துவிட்டோம். அம்மாவுக்குத்தான் மனம் சரியில்லை.

இந்த மின்சாரக் கணக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும், அனெக்ஸ் எடுப்பவர்கள் அதிகம் இழப்பது இதில்தான். நம் நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும். மாதம் 60 அலகுக்குள் நின்றால் ஒரு கணக்கு. 60ஐத் தாண்டினால் வேறு கணக்கு, நிலையான கட்டணமும் கூடும். 180ஐத் தாண்டிய ஒவ்வொரு அலகுக்கும் ஆக உயர்ந்த விலை. மேல் வீட்டுக்காரர் 150 அலகு எரிக்கிறார், கீழே நீங்கள் 55 எரிக்கிறீர்கள் என்று வையுங்கள். தனி இணைப்பு என்றால் உங்களுடையது கீழ்ப்படியிலேயே நிற்கும். ஒரே இணைப்பு என்றால் 205 அலகுக்குப் பில் வரும், அதை அலகுக் கணக்கில் பிரித்தால் நீங்கள் எரிக்காத படியின் விலையும் உங்கள் தலையில் விழும். அதனால் முதலில் கேட்க வேண்டியது, மின்சாரக் கணக்கு தனியா, சப் மீட்டரா என்பதுதான். சப் மீட்டர் என்றால் எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். எங்களுக்கு நானா எழுதிவித்தது இப்படி: நாங்கள் எரித்த அலகுக்குத் தனி இணைப்பு இருந்திருந்தால் என்ன பில் வந்திருக்குமோ அதை நாங்கள் கட்டுவது, மிச்சம் வீட்டுக்காரருடையது. கட்டண அட்டவணை மாறினால் நாங்கள் கட்டுவதும் அதன்படி மாறும்.

கடைசியில் எடுத்த வீடு தெஹிவளையில், காலி வீதியிலிருந்து உள்ளே, நடக்கக்கூடிய தூரத்தில். 48,000. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் கணவரும் மேலே இருக்கிறார்கள், சிங்களவர்கள். கீழே நாங்கள். இரண்டு அறை, சின்ன ஹோல், அதைவிடச் சின்னக் குசினி. ஒரே நேரத்தில் இரண்டு பேர் குசினிக்குள் நிற்க முடியாது. பின் அறையில் பின்னேர வெயில் நேரே சுவரில் அடிக்கும், இரவு பத்து மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடும். அந்த அறை தம்பிக்கு. குளியலறைக்கு ஒரு படி இறங்க வேண்டும். அம்மாவுக்கு அது கஷ்டம் என்று நானா சொல்ல, வீட்டுக்காரரே சுவரில் பிடிகம்பி ஒன்று பூட்டித் தந்தார். முற்றத்தில் ஒரு முருங்கை நிற்கிறது. தண்ணீர் காலை ஐந்து மணிக்கும் நல்ல வேகத்தில் வருகிறது. வேலைக்குப் போகிற நேரத்தில் பைப்பைத் திறந்து பார்க்கச் சொன்னதும் நானாதான், பகல் பன்னிரண்டு மணிக்கு எந்த வீட்டிலும் தண்ணீர் நன்றாகத்தான் வரும். தெஹிவளை ஸ்டேஷனில் ரயில் எடுத்தால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, அடுத்தது கொள்ளுப்பிட்டி. தம்பி தமிழ்ச்சங்கத்துக்கு பஸ்ஸில் போய் வருகிறான்.

காசுக் கணக்கையும் சொல்கிறேன். கொழும்பில் "அட்வான்ஸ்" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். கழிகிற காசா, திரும்புகிற காசா என்று கேளுங்கள். சிலர் 6 மாத வாடகையை முன்னே வாங்கி, மாதா மாதம் பாதியைக் கழிப்பார்கள். மற்றப் பாதியை நீங்கள் கட்ட வேண்டும். சிலர் அதை வைத்திருந்து கடைசி மாதங்களில் கழிப்பார்கள். சிலர் கழிக்கவே மாட்டார்கள், வீடு விடும்போது பெயின்ட் அடிக்க, பைப் மாற்ற என்று சொல்லிக் குறைத்துத்தான் தருவார்கள். எங்களிடம் முதலில் கேட்டது 6 மாதம். நானா பேசி 3 மாத முற்பணமும் ஒரு மாத வைப்புமாக ஆக்கினார். 3 மாதம் 144,000, அது வருடத்தின் கடைசி மூன்று மாதத்தில் கழியும். வைப்பு 48,000, வீடு விடும்போது திரும்பும். அதோடு கொமிஷன் 48,000. ஆக 240,000 ரூபா கையில் இல்லாமல் சாவி வராது. நொத்தாரிசுக் கட்டணமும், மட்டக்களப்பிலிருந்து சாமான் ஏற்றி வந்த லொறிக்கூலியும் தனி. 50,000 வாடகை கட்டலாம் என்று நினைத்து வருபவர்கள், அதைப்போல் ஐந்து மடங்கை முதலில் சேர்த்துக்கொண்டு வரவேண்டும் என்பதை யாரும் எங்களுக்கு முன்பே சொல்லவில்லை. அம்மாவின் சீட்டுக்காசு அந்த நேரத்தில் கைகொடுத்தது.

ஒப்பந்த விடயத்தில் நானா கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. கடையில் வாங்கிய படிவத்தில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால் போதும் என்றுதான் பல வீட்டுக்காரர்கள் சொல்வார்கள், எங்களுடையவரும் அப்படித்தான் தொடங்கினார். நம் நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். வருட ஒப்பந்தம் என்று வெறும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஆறாம் மாதம் எழும்பச் சொன்னால் அந்தத் தாளைக் காட்டி வாதாட முடியாது. நொத்தாரிசிடம் எழுதியது எங்களுக்கு மட்டும் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தைப் பற்றிய பயம் பழைய வீட்டுக்காரர்களுக்கு இன்னும் இருக்கிறது. குடிவந்தவர் எழும்பமாட்டாரோ என்று யோசிப்பார்கள். முறையாகத் தவணை எழுதினால் அவர்களுக்கும் நிம்மதி. நானா இதை மேல் வீட்டு மாத்தயாவுக்குச் சிங்களத்தில் அமைதியாக எடுத்துச் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. ஒருவரை மற்றவருக்கு எதிராகத் திருப்பிவிடாமல் பேசினார்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியும், ஆனாலும் நானா அம்மாவின் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு பந்தியையும் தமிழில் சொன்னார். இரண்டு மாத முன்னறிவித்தல், ஆணி அடிப்பதற்குக் கேட்க வேண்டும், விருந்தினர் தங்கலாம், இப்படி எல்லாம். "இந்த வீட்டுல கூட நேரம் இருக்கப் போறது அம்மாதானே, அவங்களுக்குத் தெரியாம எப்படி?" என்றார்.

பிறகு பொலிஸ் படிவம் வந்தது. வீட்டில் இருப்பவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம் எழுதிக் கொடுக்கும் படிவம். அதைக் கண்டதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பிடித்து பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. எங்கள் மாமா அப்போது வெளிநாட்டு வேலைக்காக ஒரு லொட்ஜில் காத்திருந்தவர். அந்த நாளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் அதிகம் பேசுவதில்லை. நானா அம்மாவை அவசரப்படுத்தவில்லை. அந்தப் படிவத்தை மேல் வீட்டுக்காரரும் தங்கள் பெயர்களோடு கொடுப்பதைக் காட்டினார், தானே தெஹிவளைப் பொலிஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரை குத்திய பிரதியை அம்மாவின் கையில் தந்தார். அம்மா அதை அடையாள அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறார். இதெல்லாம் கொமிஷன் கணக்கில் வருகிற வேலை இல்லை. எங்கள் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்று எனக்குத்தான் தெரியும்.

இனி எனக்குப் பிடிக்காதவை.

நானா படம் அனுப்பமாட்டார். வாட்ஸ்அப்பில் "வீடு ஒன்று இருக்கு, வாங்க" என்று குரல்பதிவு வரும், அவ்வளவுதான். ஊரிலிருந்து ஒருவர் அதற்காக ரயில் ஏறி வர முடியுமா? நானும் அம்மாவும் முதல் கொஞ்ச நாட்கள் சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கியிருந்ததால்தான் அவரோடு தேட முடிந்தது. ஊரிலிருந்தே தேடுபவர்களுக்கு அவரால் பயன் குறைவு. இதை அவரிடமே சொன்னேன். படத்தில் எல்லா வீடும் நல்ல வீடுதான் என்றார். அது சரிதான், ஆனாலும் வெளியூர்க்காரர்களுக்காக இரண்டு படமாவது எடுத்து அனுப்பலாம்.

கொமிஷனுக்கு அச்சடித்த ரசீது இல்லை. கேட்டதால் குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தொகையும் திகதியும் எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார். இரண்டு பக்கமும் வாங்குகிறார், வீட்டுக்காரரிடமும் எங்களிடமும். கொழும்பில் பொதுவாக நடப்பதுதான், அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனாலும் மாதச் சம்பளக்காரரிடம் முழு மாத வாடகை என்பது பெரிய தொகை. இரண்டு தவணையாக வாங்கினால் எத்தனையோ குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும். ஒன்றை மட்டும் பாராட்ட வேண்டும்: அடுத்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அவருக்கு ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். புதுப்பித்தலுக்கும் அரை மாதம் கேட்கும் புரோக்கர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் போன் எடுக்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை காலைதான் வீடு காட்ட அதிகம் வருவார். 40,000க்குக் கீழே இரண்டறை வீடு கேட்டால், இந்தப் பக்கத்தில் இல்லை என்று நேரே சொல்லிவிடுவார், வீணாக அலைய வைக்கமாட்டார். கொட்டாஞ்சேனை, வத்தளை, நுகேகொடைப் பக்கம் தேடுபவர்கள் அந்தந்த இடத்திலேயே ஒருவரைப் பிடிக்க வேண்டும். வீடு பார்க்கப் போகும்போது அங்கேயும் முதலில் எல்லா சுவிட்சையும் நிறுத்திவிட்டு மீட்டரைப் பாருங்கள்.